மூன்று புள்ளிச் சட்டை

ஒழுங்கான ஆள் செய்கிற தப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எல்லாவற்றையும் அவனே சரிபார்த்து வைத்திருப்பான் என்று நம்பி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் அப்படிப்பட்ட ஆள். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. தினமும் டைரி எழுதுவேன். ஓய்வு நேரத்தில் துணியில் கரடி பொம்மை தைப்பேன். (சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.)

கரடி தைப்பது லேசான வேலை இல்லை. காது அரை விரல் கீழே இறங்கினால் கரடி பெருச்சாளியாகிவிடும். என் முதல் மூன்று கரடிகளும் பெருச்சாளிகள்தான். நான்காவதிலிருந்து அளவுகளை டைரியில் எழுத ஆரம்பித்தேன். சில விதிகளும் வைத்துக்கொண்டேன். அதில் முதல் விதி, துவைத்து இஸ்திரி போடாத துணியை விரிக்கவே கூடாது, ஏனென்றால் துணி சுருங்கும், அளவு பொய்யாகிவிடும்.

என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர் அருள் மாரடைப்பில் போனபோது அவர்கள் மகள் ஜெனிக்கு ஆறு வயது. அவரும் எங்கள் தொழிற்சாலைதான். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவருடைய துணிகளையெல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு யூனிஃபார்ம் சட்டை மட்டும் மிஞ்சியது, ஜெனி அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியதால். பத்து மாதத்தில் அது நைந்துவிட்டது.

ஸ்டெல்லா அதை ஒரு காகித உறையில் போட்டு அண்ணனூரிலிருந்து எடுத்து வந்தாள். "கிழிஞ்சி போச்சின்னா அவகிட்ட நான் என்னண்ணே சொல்வேன்? வருஷ ஜெபத்துக்குள்ள ஒரு கரடியா தைச்சுக் குடுத்துடு. கெட்டியா இருக்கும்."

உறையைப் பிரிக்காமலே சலவைக்காரரிடம் கொடுத்தேன். முதல் விதி.

மூன்றாம் நாள் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தது. நைந்த சட்டைக்குக் கஞ்சி போட்டதும் எவ்வளவு விறைப்பாகிவிட்டது என்று எனக்கு ஒரே திருப்தி. கரடிக்குக் காலர் வேண்டாமென்று அதை முதலில் வெட்டி, 'காலர் – அருள்' என்று எழுதிய உறையில் போட்டேன். பிறகு ஒன்பது நாள் வேலை. கை கால் தனித்தனியாகத் திரும்பும்படி மூட்டு வைத்தேன். மூக்கைக் கறுப்பு நூலால் நிரப்பினேன். சட்டைப் பையை அப்படியே வயிற்றின் மேல் வைத்துத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சமமான காதுகளை நான் வைத்ததில்லை.

அந்த ஒன்பது நாளும் ஜெனி சரியாகத் தூங்கவில்லை என்று ஸ்டெல்லா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கரடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெனி பையின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவினாள். பிறகு கரடியை என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

"இது அப்பா சட்டை இல்ல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? டைரியை எடுத்தேன். வந்த தேதி, துவைத்த தேதி, வெட்டிய அளவு எல்லாவற்றையும் ஏழு வயதுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்ல மாமா" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா பையைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அதையும் துக்கம் என்றே எழுதிவைத்தேன்.

பத்து நாள் கழித்து வருஷ ஜெபம். வீட்டில் முப்பது பேர். அதுதான் அப்பா சட்டை என்ற என் உபதேசத்துக்குக் கட்டுப்பட்டு, ஜெனி கரடியைக் காலருகில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பாதியில் இருக்கும்போது பெருமாள் வந்தார். எனக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், அருளோடு ஒரே செக்ஷனில் இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்து பின்வரிசையில் நின்றார்.

ஜெனி எழுந்து போனாள். பெருமாளின் சட்டைப் பைக்குக் கை எட்டவில்லை. அவர் என்னவோ ஏதோவென்று குனிந்தார். அவள் பையின் ஓரத்தில் விரலை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். ஜெபம் முடியும்வரை பெருமாள் குனிந்தபடியே நின்றார்.

ஆமென் சொன்னதும் ஸ்டெல்லா கிட்டே போய்ப் பார்த்தாள். பையின் மூலையில் சிவப்பு நூலில் கோணல்மாணலாக நாலு தையல். பேனா மாட்டிக் கிழிந்த இடத்தை அருள் தானே தைத்துக்கொண்டது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான் அதைப் பிரிச்சிட்டு நேரா தைச்சிட்டேன்னு நெனச்சேண்ணே," என்றாள். "உனக்குத்தான் கோணல் ஆவாதே. கேட்டா வருத்தப்படுவேன்னு கேக்கல."

அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே தையல்காரர். அருள் சட்டையைப் பெருமாள் வீட்டுக்கும் பெருமாள் சட்டையை எனக்குமாகச் சலவைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்து அந்தக் காலர் உறையைப் பார்த்தேன். உள்பக்கம் சலவைக்காரர் போடுகிற மை மார்க். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளி, பெருமாள் வீட்டுக்கு மூன்று. காலரில் மூன்று புள்ளி தெளிவாக இருந்தது. பரிசோதனைப் பிரிவு பார்க்காத ஒரே இடம் அதுதான்.

அன்று ஜெப வீட்டில் பெருமாளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், முன்பே வந்து உட்கார்ந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார்.

"சட்டை டைட்டா கீதுன்னுதான ரெண்டு வாரமா எனக்கு சப்பாத்தி போட்டே? பாத்தியா, தொப்பை இல்லடி, சட்டையே வேற."

"நல்லா வாய் கிழியப் பேசு. கய்ட்டிக் குடு மொதல்ல," என்றார் அந்த அம்மா.

முப்பது பேர் முன்னால் அவர் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் ஜெனியிடம் கொடுத்தார். பிறகு பனியனோடு நின்று சுவரோரம் கிடந்த கரடியைப் பார்த்தார். "அப்போ அது நானா? பரவால்ல அண்ணாத்தே, காது ரெண்டும் நல்லாத்தான் வெச்சிகீறே."

ஸ்டெல்லா சிரித்தாள். அந்த ஒரு வருடத்தில் முதல் தடவை. எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. டைரியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜெனி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பெருமாள் அங்கிள் வாசனை வருது," என்றாள். இருந்தாலும் அன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டபோது தூக்கக் கலக்கத்தில், "நான்தான் சொன்னேன்ல மாமா," என்றாள். அவ்வளவுதான்.

அந்தச் சட்டையில் நான் கத்திரி வைக்கவில்லை. கரடிக்குப் பெருமாள் என்றே பெயர் வந்தது. இன்றுவரை நான் எதையாவது 'சரிபார்த்துட்டேன்' என்று சொன்னால், வீட்டில் யாராவது ஒருவர், "காலரையுமா?" என்பார்கள். அசல் பெருமாளும் ரிட்டயராகித் திருவேற்காட்டுக்குக் குடிபோன பிறகு போனில், "நான் எப்டி கீறேன்?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். தூசி தட்டி வைத்திருக்கிறோம் என்பேன்.

போன வருடம் அவர் இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அண்ணனூரில் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்து, எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கல்லூரி போய்க்கொண்டிருந்த ஜெனிதான் உள்ளே போய்க் கரடியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

அந்த அம்மா வயிற்றுத் துணியை உள்ளங்கையால் நீவிவிட்டார். அது யார் சட்டை என்று தெரிய நான் எழுதிவைத்த அளவு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஷேர் ஆட்டோ வந்ததும் கரடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"வாய்யா, ஊட்டுக்குப் போலாம்."