எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல்

ஒரு வேலையை அறவே தெரியாதவன் செய்தால் பாதிதான் கெடும். அதைப் பற்றி இரண்டு வீடியோ பார்த்தவன் செய்தால் முழுசாகக் கெடும். நான் இரண்டாவது ரகம்.

ஜெயம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் குடும்ப நண்பர். ஒனிஹங்காவில் அவர் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் படகு டிரெய்லரில் நிற்கிறது. எஞ்சின் படகின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் வகை. அவருக்கு அது உயிர். நர்ஸாக இருக்கும் அவர் மனைவி றஞ்சி அக்காவுக்கோ, காரை நிறுத்தவிடாத இடைஞ்சல். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். குளிர்காலம் முடிந்து முதல்முறை சாவி போடும்போது எஞ்சின் மக்கர் செய்தால் படகை விற்றுவிடுவது. (முந்தைய வருடம் செய்திருந்தது.)

அந்த ஜூனில் அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக டொராண்டோ போனார். (பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு ஜூனில்தான் குளிர் தொடங்கும்.) படகைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்யும் பொறுப்பை நான் வலியப் போய் வாங்கிக்கொண்டேன். எஞ்சினில் இருக்கும் தண்ணீரை வடித்தேன். பெட்ரோல் டாங்கை நிரப்பினேன். துருப்பிடிக்காமல் இருக்க சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் அடித்து, உறை போட்டு மூடுவதுதான் பாக்கி. ஸ்ப்ரே டப்பா காலி என்று அப்போதுதான் தெரிந்தது. பென்ரோஸில் அது கிடைக்கும் படகுச் சாமான் கடையை மூடிவிட்டிருந்தார்கள்.

அன்று சனிக்கிழமை. காலையில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். உடம்புச் சூட்டுக்கு நல்லதென்றால் எஞ்சின் சூட்டுக்கு மட்டும் ஆகாதா என்று தோன்றியது. த்ரீ கிங்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடினேன். நல்லெண்ணெயை நானே தேய்த்துத் தீர்த்திருந்தேன். தேங்காய் எண்ணெய்தான் இருந்தது, அதுவும் ஜூன் மாதக் குளிரில் பாட்டிலுக்குள் கட்டியாக. வெந்நீரில் வைத்து உருக்கி எடுத்துப் போனேன். (அந்த நிமிடத்திலாவது மூளை விழித்திருக்கலாம். அதுவும் உறைந்திருந்தது போல.) ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கஞ்சத்தனமில்லாமல் ஊற்றி, திரும்ப மாட்டினேன். மனசு நிறைந்திருந்தது.

அக்டோபரில் சோதனை நாள் வந்தது. றஞ்சி அக்கா விற்பனை விளம்பரத்துக்குப் படமெடுக்க போனும் கையுமாக நின்றார். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். டொக். மறுபடியும் திருப்பினார். மறுபடியும் டொக். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. அக்கா குனிந்து முகர்ந்தார்.

"தம்பி, இதுக்குள்ள என்னத்தை ஊத்தினனீங்கள்?"

"தேங்காய் எண்ணெய்க்கா. கொஞ்சமாத்தான்."

"தலைக்கு வைக்கிறதையோ?"

"ஆமாக்கா."

அவர் டிரெய்லர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பிறகு அக்கா உள்ளே போய் வெந்நீரும் பழைய துவாய்களும் கொண்டுவந்து, மற்ற பிளக்குகளையும் கழற்றச் சொல்லி, எஞ்சினுக்கு ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தார். சுளுக்குக்காரருக்குக் கொடுப்பது போலத்தான், அத்தனை பொறுமையாக. எண்ணெய் இளகியதும் அண்ணனைச் சாவியைத் திருப்பச் சொன்னார். யாரும் கேட்காமலே நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். உருகிய எண்ணெய் பிளக் துளைகள் வழியே பீறிட்டு என் தலையில் வந்து இறங்கியது.

மிச்சத்தைத் துடைத்து, பிளக்குகளைச் சுத்தம் செய்து மாட்டியபின் எஞ்சின் இருமி, புகைந்து, கடைசியில் ஓடியது. தெருவெல்லாம் முறுக்குச் சுடும் வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டி, என்ன விசேஷம் என்று விசாரித்தார். எனக்கோ கவலையெல்லாம் உடன்பாட்டைப் பற்றித்தான். அக்கா போனைப் பைக்குள் போட்டார்.

"இப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம். படகு நிக்கட்டும். ஆனா இனிக் குளிருக்கு இதை நான்தான் பாப்பன்."

சொன்னபடியே இப்போது அவர்தான் பார்க்கிறார். சுக்கானும் அவர் கைக்குப் போய்விட்டது. கோடையில் நானும் அண்ணனும் பின் சீட்டில் லைஃப் ஜாக்கெட்டோடு சாண்ட்விச் தின்றுகொண்டு சந்தோஷமாகப் போகிறோம். ஜூன் வந்தால் நான் உதவிக்குப் போவதும் நிற்கவில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் ஊறுகாய் தேடும் அதிகாரி மாதிரி என் பையைக் குடைந்து பார்த்துவிட்டுத்தான் அக்கா கேட்டைத் திறக்கிறார்.