வெகுளி என்று ஒரு வார்த்தை சொன்னேன்

பூதலூர்
12.9.1996

மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை தியாகராசன் அவர்களுக்கு, மச்சான் ரத்தினசபாபதி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் ஒருவன் நீங்கலாக யாவரும் நலம். உங்கள் நலத்துக்குப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படித்தான் ஆகும் என்று ஆடி மாதமே சொன்னேன். என் தங்கை, அதாவது உங்கள் சம்சாரம் ஆனந்தவல்லி இல்லை என்பாள், நம்பாதீர்கள். உங்கள் மகள் ஷைலஜாவுக்கு வந்த பட்டுக்கோட்டை வரன் கைநழுவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று காரில் இருபத்திரண்டு பேர் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு குணம் எப்படிங்க?" என்றார் பையனின் அப்பா. தாய்மாமன் நான் இருக்க வேறு யார் சொல்வது? "சூதுவாது தெரியாதுங்க, சுத்த வெகுளி" என்றேன். ஊரெல்லாம் சொல்கிற வார்த்தைதானே! ஆனால் அந்த மனிதர் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவராம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பழந்தமிழ்ல வெகுளின்னா கோபம்" என்றார். படித்தவர் முன்னால் நாம் தெரியாது என்று முழிக்கலாமா? நான் எட்டாம் வகுப்பு வரை தமிழில் முதல். "அந்த அர்த்தத்துலதாங்க நானும் சொன்னேன். பரம்பரையாவே வெகுளிங்க. இவ அம்மா இவளுக்கும் மேல. அது தாங்காமத்தான் இவ அப்பா மஸ்கட் போனாரு" என்று ஒரே போடாகப் போட்டேன்.

பையனின் அம்மா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று எழுந்துவிட்டார்கள். கார் கிளம்புமுன் ஷைலஜா, "உங்கள யாரு மாமா கேட்டா?" என்று டம்ளரை வாசல்வரை உருட்டிவிட்டாள். "சொன்ன அர்த்தம் சரிதான்" என்றது காருக்குள் ஒரு குரல்.

அவளுக்குப் பையனைப் பிடித்திருந்ததாம். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை, சரியாகச் சாப்பாடும் இல்லை. ஆனந்தவல்லி எனக்குச் சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுவதில்லை. குறுவை அறுக்கிற ஆட்கள்கூட, "வெகுளி அய்யா வர்றாரு" என்கிறார்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது மாப்பிள்ளை. பையன் மாசக் கடைசியில் சிங்கப்பூர் போகிறான். அதற்குள் நீங்கள் பட்டுக்கோட்டைக்கு ஒரு போன் போட்டுப் பேசினால் பெண் பிழைப்பாள், நானும் பிழைப்பேன்.

சகல சௌபாக்கியத்தோடும் இருங்கள் என்று வாழ்த்தும்,
ரத்தினசபாபதி

பி.கு.: போனில் "தமிழய்யா" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவருக்குத் தேங்காய் மண்டி. மூக்குக்கண்ணாடியும் கிடையாது. நான் வெகுளி என்றதுமே, "அந்த மாதிரிப் பொண்ணுதாங்க வேணும்" என்று வெற்றிலைத் தட்டுக்குக் கையை நீட்டினார். பழந்தமிழ் அர்த்தத்தை எடுத்துச் சொன்னது நான்தான். முதல் நாள் கடலை மடித்துக் கொடுத்த தாளில் படித்திருந்தேன். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, மாப்பிள்ளை.