மொக்கு விரியாத விமானம்

திண்டுக்கல்லுக்கு விமான நிலையம் கிடையாது. ஆனாலும் சிங்கப்பூர் பக்கம் பறக்கிற விமானங்களில் எது உருப்படி, எது உருப்படாதது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உலகத்திலேயே ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் எங்கள் ஊர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். பெயர் பிளேன் மாமா. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும், நான் பார்த்ததில்லை. இப்பேர்ப்பட்ட அதிகாரி ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

மற்றவர்கள் விமானத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? டிக்கெட் விலை பார்ப்பார்கள், கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள், சோறு போடுவார்களா என்று விசாரிப்பார்கள். மாமா இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு ஒரே அளவுகோல், மல்லிகை மொக்கு.

எங்கள் பக்கத்திலிருந்து யார் சிங்கப்பூர் கிளம்பினாலும் சேதி மாமாவுக்குப் போய்விடும். கிளம்புகிற அன்று விடிகாலையில், நிலக்கோட்டையிலிருந்து வந்த முதல் மூட்டையைப் பிரித்து, அரிசி அரிசியாக இறுகிய மொக்காகப் பொறுக்குவார். ஈரத்துணி, அதற்கு மேல் வாழையிலை, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவோடு வீட்டு வாசலில் வந்து நிற்பார். சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கும் தன் மனைவி பாக்கியத்திடம் அதைச் சேர்க்க வேண்டும். பாக்கியம் அத்தை டப்பாவைத் திறந்து பார்த்து, மொக்கு கட்டுகிற பதத்தில் இருக்கிறதா, வழியிலேயே விரிந்துவிட்டதா என்று போனில் சொல்வார். அதுதான் அந்த விமானத்துக்கு மதிப்பெண்.

"மொக்கு நோகாமப் போச்சுன்னா மனுசனும் நோகாமப் போகலாம் மாப்ளே. பூவைவிடவா நாம மெலிசு?" என்பார். மறுத்துப் பேச முடியாத வாதம். மறுத்துப் பேசினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்க வைப்பார் என்பதால் யாரும் முயன்றதும் இல்லை.

விமானக் கம்பெனிகளின் நிஜப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அவராகவே பெயர் வைத்திருந்தார். போர்வை பிளேன், உப்புமா பிளேன், தண்ணி கேட்டா மொறைக்கிற பிளேன், மெத்தனமா எறங்குற பிளேன். இதில் போர்வை பிளேனுக்கு முதலிடம். காரணம், அதில் போன மொக்கில் பாதிதான் விரிந்திருந்ததாம். மற்றதிலெல்லாம் முக்காலும் முழுசும். ஆக, முதலிடம் வாங்கியதும் பெயிலான விமானம்தான். எதுவுமே பாஸ் ஆகவில்லை.

பயணம் போய்த் திரும்பியவர்கள் மாமாவின் விசாரணைக்குப் பயந்தே மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். டப்பாவை மேலே வைத்தாயா, காலடியில் வைத்தாயா, குளிர்காற்று மூக்கில் அடித்ததா காதில் அடித்ததா, மேகத்துக்குள் போகும்போது எத்தனை குலுங்கல் என்று கேள்வி மேல் கேள்வி. ஞானப்பிரகாசம் சார் என்று எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர். மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவரிடம், மகன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்காமல், "எறங்கும்போது டப்பா சாஞ்சுச்சா?" என்று பிடித்துக்கொண்டார் மாமா. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகிய சார், அன்று பெஞ்சு மேல் ஏறி நிற்கிற பையனைப் போலப் பதில் சொன்னார்.

அய்யலூரிலிருந்து ஓர் ஆட்டு வியாபாரி தம்பியைப் பார்க்கப் போனார். டப்பாவைக் கண்ணைவிட்டு அகலாமல் வைத்திருக்க வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. அந்த மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கக்கூஸுக்கும் கையோடு கொண்டுபோனார். பக்கத்து சீட்டு அம்மாள், பாவம், யாரோ செத்துப்போனவரின் அஸ்தி என்று முடிவுகட்டி, வழி நெடுக டப்பாவைக் கும்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது வியாபாரியின் கையைப் பிடித்து ஆறுதல் வேறு சொன்னாராம். அன்றும் மொக்கு விரிந்துவிட்டது.

இவ்வளவு ஆராய்ச்சியும் எதற்கு என்றால், மாமா ஒரு விமானத்தை முடிவு செய்துவிட்டு அதில் ஏறிப் போய்ப் பாக்கியம் அத்தையைப் பார்க்க வேண்டும். அத்தை மகளின் முதல் பிரசவத்துக்கு என்று போனவர். பேரன் நடக்கட்டும் என்று கொஞ்ச நாள் இருந்தார். அவன் நடந்ததும் பேத்தி பிறந்தாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைகளை விட்டுவிட்டு அத்தை எப்படி வருவார்? அதற்கு முன்பெல்லாம் கடையில் மாமாவுக்கு இடது பக்கம் ஒரு மரப்பலகை போட்டு அத்தை உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பார். மாமா தராசைப் பிடித்தபடி ஊர் வம்பு பேசுவார், அத்தை தலை நிமிராமலே பதில் சொல்வார். இப்போதும் அந்தப் பலகை அங்கேயே கிடந்தது. அதன்மேல் யாராவது மூட்டையை இறக்கினால் மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"போக வேண்டியதுதானே மாமா, பாஸ்போர்ட்தான் எடுத்து வச்சிருக்கீங்களே" என்று கேட்டால், "ஒரு பிளேனு பாஸாகட்டும் மாப்ளே, அன்னைக்கே கெளம்பிருவேன்" என்பார்.

பாஸ்போர்ட் கல்லாப்பெட்டியில் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது நிஜம். மாமாவுக்கு உயரம் என்றால் பயம் என்பதும் நிஜம். மாரியம்மன் திருவிழா ராட்டினத்தைப் பார்த்தாலே அடுத்த தெரு வழியாகப் போய்விடுவார். கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வார். பல முறை கொடைக்கானல் போய், மலைப்பாதையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

இந்த நிலையில்தான் நான் சிங்கப்பூர் போக நேர்ந்தது. என் மைத்துனன் அங்கே புது வீடு வாங்கியிருந்தான். நான் டிக்கெட் எடுத்தது திருச்சியிலிருந்து பகலில் புறப்படுகிற விமானத்தில். அதில் அதுவரை மாமாவின் டப்பா போனதில்லை. பரீட்சையே எழுதாத மாணவன் கிடைத்ததில் மாமாவுக்குப் பரபரப்பு. வழக்கத்தைவிட அதிக நேரம் பொறுக்கி, டப்பாவை என் கையில் கொடுத்தார். அப்புறம் மெதுவாக, "ஒங்க அத்தைட்ட, எனக்கு ஒண்ணும் கொறையில்லன்னு சொல்லு" என்றார். அவர் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அத்தை இருந்திருந்தால் தெருமுனை தாண்ட விட்டிருக்க மாட்டார்.

நான் அத்தையின் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. லிப்டில் ஏறும்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. டப்பா மூடியிருக்கும்போதே லிப்ட் முழுக்க மணத்தது. உள்ளே அத்தை திறந்து பார்த்தார். ஒரு மொக்கு பாக்கியில்லாமல் அத்தனையும் வெள்ளை வெளேர் என்று மலர்ந்திருந்தது.

அத்தை சிரித்தார். "எந்த ஊர் மல்லி சாயங்காலம் விரியாம இருந்துருக்கு? விடியப் பறிச்ச மொக்கு பொழுது சாஞ்சா விரியும். அது மார்க்கெட்ல நின்னாலும் விரியும், பிளேன்ல பறந்தாலும் விரியும். அவருக்கா இது தெரியாது?"

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். நானும் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவன்தான். தலைமையாசிரியரும் ஆட்டு வியாபாரியும் அதே ஊர்ப்பக்கம்தான். நாங்கள் யாருமே இதை யோசிக்கவில்லை. எந்த விமானமும் தேற முடியாத ஒரு பரீட்சையை வைத்துவிட்டு, மாமா தன் பயத்தை அதற்குள் பத்திரமாக மூடி வைத்திருந்தார். ஊரே அந்த டப்பாவைச் சுமந்திருக்கிறது.

மாமா எப்படி இருக்கிறார் என்று அத்தை கேட்டார். ஒரு குறையும் இல்லையாம் என்றேன். சட்டைப் பொத்தான் விஷயத்தையும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அத்தை ஒரு கை பூவை அள்ளி முகத்தருகே வைத்திருந்தார். பிறகு போனை எடுத்தார். வீடியோ போடாமல், குரல் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"ஏங்க, பூ வந்துச்சு. மொக்கு அப்படியே இருக்கு. ஒண்ணுகூட விரியல."

மாமா என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"மாப்ளே. நெசமாவா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைப்பது மட்டும் தெரிந்தது. மேஜை மேல் பூ மலர்ந்து கிடந்தது.

"நெசந்தான் மாமா" என்றேன்.

"எந்தப் பிளேனு?"

சொன்னேன். "சரி, அதுலயே போட்ருவோம்" என்று வைத்துவிட்டார்.

நான் ஊர் திரும்பியதும் விசாரணைக்குத் தயாராகத்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். குலுங்கல் எத்தனை என்பதைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். கடையைத் தங்கை மகனிடம் ஒப்படைத்தார். சிறுமலை வாழைப்பழம், சின்னாளபட்டிச் சேலை, பேரனுக்கு ஒரு குட்டிப் பூட்டு என்று பெட்டி நிறைந்தது. கிளம்புகிற அன்று தெருவே வந்து நின்றது. ஞானப்பிரகாசம் சார் மட்டும் பழைய கணக்கைத் தீர்க்கிற மாதிரி, "டப்பாவை மேல வைக்கப் போறீரா, காலடியில வைக்கப் போறீரா?" என்று கேட்டார்.

திருச்சிவரை நானும் காரில் கூடப் போனேன். மணப்பாறை தாண்டியதிலிருந்தே மாமா கார்க் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தரையில் போகிற காருக்கே இப்படி என்றால் மேலே போனால் மனிதர் என்ன ஆவார் என்று எனக்குக் கவலை. மடியில் டப்பா. விமான நிலைய வாசலில் இறங்கியபோது என் மனசு கேட்கவில்லை. ஒரு பொய்யை நம்பி இந்தப் பயந்த மனிதர் ஆகாயத்தில் ஏறுகிறாரே என்று இருந்தது.

"மாமா, அந்தப் பூ..." என்று ஆரம்பித்தேன்.

"விரிஞ்சுதான இருந்துச்சு?" என்றார், டப்பாவைச் சரிசெய்தபடி.

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து பூவுக்குள்ளயே கெடக்கேன். சாயங்காலம் விரியாத மல்லி உண்டா மாப்ளே?"

"தெரிஞ்சுதான் கெளம்புறீங்களா?"

மாமா கொஞ்சம் தள்ளி நின்ற தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம் ஆன நாள்லருந்து ஒங்க அத்தை எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. அவளே சொல்லிட்டா. இனி நான் எந்த மொகத்தோட இங்கன ஒக்காந்திருக்க?"

அவ்வளவுதான். டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கேயே கண்ணை மூடிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், மூடவில்லை.

மறுநாள் அத்தைதான் பேசினார். விமானம் ஏறியதிலிருந்து இறங்கும்வரை மாமா கண்ணைத் திறக்கவேயில்லையாம். சாப்பாட்டைக்கூடத் தட்டைத் தடவித் தடவித்தான் சாப்பிட்டிருக்கிறார். ஊரில் உள்ள அத்தனை விமானத்துக்கும் மார்க் போட்டவரிடம், தான் வந்த விமானம் எப்படி என்று மகள் கேட்டிருக்கிறாள். "யாருக்குத் தெரியும்?" என்றாராம். அத்தை இதைச் சொல்லிச் சிரித்தபோது பின்னால் மாமாவும் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா இன்னும் திரும்பவில்லை. அடுத்த மாதம் அடுத்த மாதம் என்கிறார். போனவருக்கு வரப் பயமா, அங்கிருந்து வர மனசில்லையா தெரியாது. இரண்டாவது காரணமாகவே இருக்கட்டும். தங்கை மகன் கடையை நன்றாகத்தான் நடத்துகிறான், ஆனால் யார் எந்த விமானத்தில் போனால் அவனுக்கு என்ன? வம்பில்லாமல் எடை போட்டு அனுப்புகிறான். மார்க்கெட்டில் நிற்கும்போது எனக்கு மாமாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அவரிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுற்றிப் போன வழியெல்லாம் இப்போது வீணாகத் தெரிகிறது.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் சிங்கப்பூர் கிளம்பினாள். நானே விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய், இறுகிய மொக்காகப் பொறுக்கி, ஈரத்துணியும் வாழையிலையும் சுற்றி மாமாவுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் அவள் போன் செய்து, பூ அத்தனையும் விரிந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று வருத்தப்பட்டாள். அவள் வைத்த கையோடு மாமாவின் போன் வந்தது.

"மாப்ளே, பூ வந்துச்சு" என்றார். கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொக்கு அப்படியே இருக்குப்பா. ஒண்ணுகூட விரியல."

பாஸ்போர்ட்டை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.