பச்சை விளக்கும் உகுஸ்ஸாவும்

அந்தப் பச்சை விளக்கு கண்ணடிப்பதை நிறுத்தும்வரை சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். என் மனைவி விஜயகலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களப் பாத்துக் கண்ணடிக்க அதாவது இருக்கே. சந்தோசப்படுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெக்டரி எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் போர் விமானி. கொம்பியூட்டர் விளையாட்டில்தான். விமானி அறையில் ஒரு பச்சை விளக்கு உண்டு. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் அது நின்று எரிய வேண்டும். என் விமானத்தில் அது எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. சக்கரம் பாதியில் மடங்கியது. எதிரி விட்ட ஏவுகணைக்கெல்லாம் தப்பி வந்து, சொந்த ஓடுபாதையில் வயிற்றால் தேய்ந்து உயிரை விடுவேன்.

இணையத்தில் சேர்ந்து பறக்கும் எங்கள் குழுவுக்குத் தலைவர் ஜஸீல், எம்பிலிப்பிட்டியவில் போன் கடை வைத்திருப்பவர். இன்னொரு தடவை விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் உங்களுக்கு ஓய்வு என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

கலா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் டீச்சர். ஒருக்கா நான் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

"இது பவர்பொயின்ட் இல்ல புள்ள. போர் விமானம்."

"சரிங்க" என்று போய்விட்டாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. விமானி அல்லவா.

வயர்களை இறுக்கினேன். பெக்டரி மீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், விமான விளையாட்டுக்காரர்களின் சிங்கள பேஸ்புக் குழுவில் என் துயரத்தை எழுதினேன். உடனே பதில் போட்டவர் பெயர் உகுஸ்ஸா. சிங்களத்தில் பருந்து. எனக்குப் பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டார்.

கொம்பியூட்டருக்குப் பின்னால் சுவர் ஈரமா என்று உகுஸ்ஸா கேட்டார். இரத்தினபுரி மாவட்டத்தில் ஈரமில்லாத சுவர் எது? அலுமாரியை நகர்த்தி, பூஞ்சணத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். இதே வேலையைக் கலா தைப்பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்டபோதெல்லாம் எனக்கு இடுப்பு வலித்தது. உகுஸ்ஸா சொன்னபோது வலிக்கவில்லை.

அடுத்து, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மழைத்தண்ணீர் ஓட வேண்டிய கூரைப் பீலி முழுக்க ரப்பர் இலை. ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற கலா, "பாத்துங்க, சக்கரமில்லாம எறங்கிறாதீங்க" என்றாள்.

பிறகு தூசி. மின்சாதனங்களுக்குத் தூசிதான் முதல் எதிரி என்றார் உகுஸ்ஸா. மெத்தையைத் தட்டினேன். மின்விசிறியைத் துடைத்தேன். ஜன்னல் திரைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஜன்னல் திரைக்கும் விமானச் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டும் பார்த்தேன். 'அனுபவம்' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. எலக்ட்ரீஷியனாகிய நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

வீடு கல்யாண வீடு மாதிரிப் பளபளத்தது. விளக்கு மட்டும் திருந்தவில்லை. போட்டிக்கு முதல் நாள், மானத்தை விட்டுக் கெஞ்சினேன். உகுஸ்ஸாவுக்கு மனம் இரங்கியிருக்க வேண்டும். விளையாட்டின் செட்டிங் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

சக்கரத்துக்கான கட்டளை இரண்டு இடத்தில் இருக்கிறதாம். விமானம் ஓட்ட வாங்கிய புது ஜோய்ஸ்டிக் இறங்கு என்கிறது. கழற்றாமல் விட்ட பழைய கேம்பேட் ஏறு என்கிறது. 'ஒரே நேரத்தில் இரண்டு பேர் உத்தரவு போட்டால் விளக்கு யார் பேச்சைக் கேட்கும்? ஒன்றை எடுத்துவிடு தம்பி' என்று எழுதினார்.

எடுத்தேன். விளக்கு பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது. மறுநாள் பூப்போல இறங்கினேன். ஜஸீல் மாஷா அல்லாஹ் என்றார். நான் சவரம் செய்துகொண்டேன்.

அந்த மிதப்பில், பூண்டு உரித்துக்கொண்டிருந்த கலாவுக்கு உகுஸ்ஸாவின் மேதமையை விளக்கினேன். ஒரு படத்தைப் பார்த்தே நோயைப் பிடிக்கிற மூளை, இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பூண்டோடும் போனோடும் சமைக்கக் குசினிக்குள் போனாள்.

நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? வருகிற ஞாயிறு கட்டாயம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், என் மனைவி கோழிக்கறி நன்றாகச் சமைப்பாள் என்று உகுஸ்ஸாவுக்குச் சிங்களத்தில் எழுதினேன்.

பதில் முதல்முறையாகத் தமிழில் வந்தது:

"சமைக்கிறது நீங்கன்னா வாரேங்க. வீட்டுக்கு வழி சொல்லத் தேவையில்ல, குசினியிலதான் நிக்கிறேன்."