பாவம் கண்டால் கீச்சிடும் பெட்டி

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து மாங்காய்க் கிடங்கில் கடவுள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தார். அவரை ஓட்டியவர் ஒளிக்கண் சாமி. பட்டுத்துணி சுற்றிய ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு. மூடிய இமைமேல் அது விழுந்தால் கண்நோய் ஓடிவிடுமாம். ஆசுபத்திரி லேசர் மனிதன் செய்தது, இது நெற்றிக்கண்ணிலிருந்து வந்தது என்றார் சாமி. கூட்டம் தலையாட்டியது. தலையாட்ட நல்ல கண் தேவையில்லையே.

நோயாளி பாவியென்றால் கோடு மின்னும், பெட்டி கீச்சிடும். பரிகாரம் ஒரு சாக்குத் தேங்காய். ஒரு வேடிக்கை: பஸ்ஸில் வந்தவர்களுக்குப் பெட்டி வாய் திறப்பதில்லை. காரில் வந்தவர்களுக்குக் கத்தித் தீர்த்தது.

வடகரப்பதித் தென்னந்தோப்புக்காரி ராசம்மாளும் மகனுடைய காரில்தான் வந்தாள். சர்க்கரை நோயால் அவளுடைய வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்று மூன்று மணிக்கு ஆசுபத்திரியில் லேசர். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ, "மெசின்ல பொசுக்கறதுக்கு சாமி வெளிச்சமே மேல் கண்ணு" என்று ஒற்றைக்காலில் நின்றாள். மகன் கோகுல்நாத் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. அவன்தான் காரை ஓட்டி வந்தான்.

சாமி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அதன்மேல் பெட்டியை வைத்தார். கீச், கீச்.

"எங்கம்மா என்ன பாவம் பண்ணுச்சுங்க சாமி?"

"முன் ஜென்மத்துப் பாவம்."

"அப்படீங்களா. அம்மா, செத்த எந்திரிங்க."

ராசம்மாள் எழுந்தாள். பெட்டி நிற்கவில்லை. கீச், கீச்.

"நாற்காலிக்கும் முன் ஜென்மம் இருக்குதுங்களா சாமி?"

முன்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். கோகுல்நாத் ஒரு கொட்டாங்குச்சிச் சில்லை முக்காலியின் ஒரு காலுக்கடியில் செருகினான். பெட்டி அடங்கியது. உருவினான், கத்தியது. மாங்காய் கழுவிய தண்ணீர் வடிந்து ஓட, கிடங்கின் தரை ஓடைப்பக்கம் சரிவு. பணக்காரப் பாவிகளுக்கு முக்காலி சரிவுக்கு நகரும், அவ்வளவுதான்.

"இது டைல்ஸ் மட்டம் பாக்கற பெட்டிங்க. சாஞ்சா கத்தும். என்ற வண்டில ஒண்ணு கெடக்குது." கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். இரண்டும் சேர்ந்து கச்சேரி செய்தன.

"அப்போ நான் குடுத்த மூணு சாக்கு?" என்றார் ஒரு கார்க்காரர். சாமி வாசலைப் பார்த்து நகர்ந்தார். கூட்டம் அவரைப் பிடித்து, எண்ணித் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தேங்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார வைத்தது.

ராசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப ஆசுபத்திரி லேசரும் இதேதானா கண்ணு?"

"இல்லீங்கம்மா. நம்மூட்டுக் கண்ணாடிக் கதவு வழியா வெயில் வருது. கண்ணாடியா சுடுது? உள்ள இருக்கற கறுப்பு டைல்ஸ்தான காலைச் சுடுது? டாக்டர் விடற வெளிச்சமும் முன்கண்ணத் தாண்டி உள்ள போயி, கசியற எடத்துலதான் புள்ளி புள்ளியாச் சுடும். அவரு உள்ள பாத்துக்கிட்டே சுடறாரு. இந்தக் கோட்டுல ஒரு எறும்புக்குக்கூட சூடு ஏறாதுங்க."

"நீ சொன்னா ஆச்சா? நானே டாக்டரக் கேக்கறேன், நட."

கேட்டாள். எந்த இடம், எத்தனை புள்ளி, படத்தைக் காட்டுங்கள் என்று அரைமணி நேரம் கேட்டாள். டாக்டர் காட்டினார், கோபிக்கவில்லை, பாவி என்று சொல்லவும் இல்லை. நாலு மணிக்கு லேசர் முடிந்தது. சில வாரங்களில் கசிவு நின்றது, கண் பிழைத்தது.

அடுத்த சாமி இன்னும் நல்ல பெட்டியோடு வருவார். வரட்டும். உங்களைச் சோதிக்கிற பெட்டியை நீங்களும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நாற்காலியை விட்டு எழுந்தால் போதும்.