பாடபேதம் நடத்திய கல்யாணம்

பிழையாக ஒரு சொல்லும் சொல்லாத மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். அவரோடு பத்து நிமிடம் பேசுவது பெரும்பாடு.

ஜெர்மன்காரர். எழுபதுகளில் மெல்பேர்னில் சமஸ்கிருதமும் தமிழும் கற்பித்தார். ஓர் ஏட்டுச்சுவடியைப் பதினொரு வருடமாகப் பதிப்பித்து நாலாம் பக்கத்துக்கு வந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "தோசை, தோயை என இரு பாடங்கள் உண்டு" என்று தொடங்குவார். தோசை ஆறிவிடும். ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவதைப் பாடபேதம் என்பார்; அதையே அவருக்குப் பெயராக வைத்தோம்.

என் கல்யாணத்துக்கு மெல்பேர்னில் ஐயர் கிடைக்கவில்லை. பெண் சாரதாவின் பெரியம்மா அதே நகரில் நோபல் பார்க் பகுதியில் இருந்தார். "மந்திரம் தெரிஞ்ச ஆள் வேணும். வெள்ளைக்காரன் எண்டாலும் பரவாயில்லை" என்றார். மந்திரம் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

பெரியம்மா வீட்டுக் கராஜில் இரும்புச் சட்டியில் ஓமம். நல்ல நேரம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் பாடபேதம் நிறுத்தினார்.

"இவ்விடத்தில் மூன்று பாடங்கள் உள்ளன. எதைச் சொல்லட்டும்?"

"கெதியா முடியிறதைச் சொல்லுங்கோ" என்றார் பெரியம்மா.

"அது இடைச்செருகல், அம்மா."

"பரவாயில்லை, சொல்லுங்கோ."

முகம் சுளித்தபடி சொன்னார். தாலி கட்டினேன்.

அடுத்தது, பெண்ணின் கையில் சகோதரன் பொரி இடவேண்டும். நெற்பொரிக்குப் பதிலாகக் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் அரிசிப் பொரி ஒரு பெட்டி வாங்கியிருந்தோம். சகோதரனை எங்கே வாங்குவது? சாரதாவின் அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் இருந்தார். வெறும் கைகளை நீட்டியபடி சாரதா அழத் தொடங்கினாள்.

பாடபேதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சகோதரன் வராவிட்டால் புரோகிதன் இடலாம். விதி உண்டு" என்று சொல்லிப் பொரியை அள்ளி அவள் கைகளில் இட்டார். பாதி தரையில் கொட்டியது.

அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனபோது கேட்டேன். "சேர், அந்த விதி எந்தப் புத்தகத்தில இருக்கு?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, திறக்காமலே திரும்ப வைத்தார்.

"எதிலும் இல்லை. அந்தப் பெண் அழுதாள்."

இதைச் சாரதாவுக்கு நான் சொல்லவில்லை. அவர் இருந்த காலம் முழுவதும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டாள்.