தேர் அச்சுக்குக் களைப்பு

பூனாகலை,
பங்குனி, 2003

அன்பு மருமகன் நிருபனுக்கு மாமா கனகசுந்தரம் எழுதிக்கொள்வது. நானும் மாமி லீலாதேவியும் சுகம். கனடாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க அம்மன் துணை. மரியாதை இத்துடன் முடிந்தது, இனிக் கோபம்.

போன மார்கழியில் லீவில் வந்தவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர்க் கொட்டகைக்குள் புகுந்து, பழைய லொறியிலிருந்து கழற்றிப் பூட்டிய அந்த இரும்பு அச்சைத் தடவி, "மாமா, இது களைச்சுப் போயிருக்கும்" என்று ஏன் சொன்னாய்? உங்கள் அணுமின் நிலையத்து நீராவிக் குழாய்கள் சூடேறிச் சூடாறி, வெடிப்புக் கண்ணுக்குத் தெரியுமுன்னமே உள்ளுக்குள் பழுதாகத் தொடங்கும் என்றும், உள்ளே அனுப்பும் ஒலி திரும்பும்போது மெல்லிய இன்னொரு சுருதியைக் கூட்டிக்கொண்டு வந்தால் அதுதான் முதல் அறிகுறி என்றும் நீதானே விளங்கப்படுத்தினாய்? பௌதிகம் படிப்பித்தவன் நான், விளங்கிப்போட்டுது. அதுதான் என் கஷ்டகாலம்.

தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே வளைவில் தேர் இறங்கும்போது, அது ஓடிவிடாமல் பின்வடம் இழுத்துப் பிடிப்பது கொழுந்து எடுக்கும் ரெங்கம்மாவின் இரண்டு மகன்மார். அந்தப் பின் அச்சு முறிந்தால் தேர் சரிவது அவர்கள் மேல். ஆகவே கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் எல்லோருக்கும் கேட்டது. தலைவர் தம்பையா, "இரும்புக்குக் களைப்பா சார்? அப்ப தேரை லயத்து வீட்டுல படுக்க வச்சு கஞ்சி ஊத்துவோமா?" என்றார். ரெங்கம்மா விட்டாளா? "நாங்க கூடையோட மலை ஏறுறோம். களைப்புன்னு சொன்னா, தொரையோட ஆளுங்க எங்க ஒடஞ்சிருக்கு காட்டுன்னு கேக்குறாங்க. இரும்புக்கு மட்டும் ஒடையறதுக்கு முன்னாடியே மருந்தா சார்?" இதற்கு உன் ஆராய்ச்சியில் பதில் இருக்கோ? அன்றிலிருந்து கடைக்குப் போனாலும், "சார், நம்ம தராசுக்குக் களைப்பு ஒண்ணும் இல்லையே?" என்கிறார்கள். ஒருவேளை நான்தான் பிழையோ என்று சுத்தியலால் அச்சை மெல்லத் தட்டியும் பார்த்தேன். கேட்டது என் நெஞ்சுத் துடிப்புத்தான்.

உனக்கு எழுதிக் கேட்டால், "ஆதாரமில்லாமல் சொல்ல ஏலாது மாமா, அங்கேயே ஒரு பொறியியலாளருக்குக் காட்டுங்கோ" என்று பதில்! கொளுத்திப்போட்டு விமானம் ஏறினவன் நீ, புகைக்குள் நிற்கிறவன் நானோ? தேர்த் திருவிழா அடுத்த மாதம். உடனே உன் நிலையத்துத் தலைப்புக் கடதாசியில், முத்திரையோடு, அச்சை மாற்றும்படி தம்பையாவுக்கு எழுது. இல்லாவிட்டால் இந்த வாசற்படி மிதியாதே.

உன் மனைவி கேசினிக்கு எங்கள் ஆசீர்வாதம் முழுவதும். உனக்குப் பாதி.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன்னமே எல்லாம் மாறிவிட்டது, மேலே உள்ளதைக் கிழித்துவிடு. முத்திரையும் வேண்டாம். வெள்ளிக்கிழமைப் பூசையில் ரெங்கம்மாவுக்கு அருள் வந்து, "டேய் தம்பையா! அச்சு களைச்சுப் போச்சுடா! மாத்துடா!" என்று ஆடினாள். தம்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே விழுந்தார். பெரகல ஊர்ப் பட்டறைக்காரர் ஹுமைத் அச்சைக் கழற்றிப் பெயின்ற்றைச் சுரண்டினால், தேர்ச் சில்லு பூட்டும் பக்கம் சுற்றிவர மயிரிழை வெடிப்பு! இப்போது வேறு அச்சுப் பூட்டியாயிற்று. திரும்பி வரும் வழியில் ரெங்கம்மா என் காதோடு, "நீங்க சொன்னா சிரிக்கிறாங்க சார். ஆத்தா சொன்னா சிரிப்பாங்களா?" என்றாள். அதே அருளில் ஆத்தா, கொழுந்து எடுக்கிற பெண்களுக்கும் களைப்பு, தேருக்கு மறுநாள் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்றும் கேட்டுவிட்டா. தோட்டத்துத் துரையும் கொடுத்துவிட்டார். உங்கள் நிலையத்தில் மேலதிகாரிகள் நீ சொல்வதைக் கேட்காவிட்டால் எழுது. ரெங்கம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறேன்.